கொடைரோட்டில் இறங்கிய நான்கு உளிகள்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் கொடைரோட்டில் நிற்கும்போது பொழுது விடிந்திருக்காது. இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பங்குனி வெக்கையிலும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக இருப்பார்கள். இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குளிருக்குச் சென்னையிலேயே தயாராகிவிட்டவர்கள். நிலையத்துக்கு வெளியே வேன்காரர்களின் கூப்பாடு, டீக்கடை பாய்லரின் ஆவி, நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும் மல்லிகை மூட்டைகளின் வாசம். கால் மணி நேரத்தில் கூட்டம் மலைப்பக்கம் வடிந்துவிடும்.

அன்றைக்கு ஒருவர் மட்டும் எந்த வேனிலும் ஏறவில்லை. அவர் தோள்பையில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய நான்கு உளிகள் இருந்தன.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறுகளில் மொட்டைமாடியில் மரவேலை. ஆறு வருடப் பழக்கம். முக்காலி, புத்தக அலமாரி, மகளுக்கு ஒரு எழுதுமேசை என்று கை தேறிக்கொண்டே வந்தவருக்கு வாகைப் பலகை ஒன்று பாடம் எடுத்தது. கால்கள் கோக்கத் துளை எடுக்க உட்கார்ந்தால், காலையில் தீட்டிய உளி பத்து மணிக்குள் வாய் போய்விடுகிறது. இரண்டு உளிகளின் வாய் பல் பல்லாகக் கொட்டியது. தனியாக மலிவாக வாங்கிய மூன்றாவதன் வாய் மடங்கியது. அவசரத்தில் மின்சாரக் கிரைண்டரில் பிடித்த நான்காவது நுனியில் நீலம் பாய்ந்து, அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் நிற்கவில்லை. புதிதாக வாங்குவதற்கு முன் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிவிடலாம் என்று தோன்றியது. அம்மையநாயக்கனூரில் தாய்மாமன் வீட்டு ஓட்டுக்கூரை வேலை நடக்கிறது. அங்கே எழுபதைத் தாண்டிய ஓர் ஆசாரி இருக்கிறார் என்று கேள்வி.

ரயில்வே பலகையில் கொடைக்கானல் ரோடு. ஊர் வாயில் கொடைரோடு. பேரூராட்சியின் பெயர் அம்மையநாயக்கனூர். திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875இல் ரயில் பாதை போட்ட பிறகுதான் இது மலைக்கான வாசல் ஆனது. அப்போதும் மலைக்கு வண்டிச் சாலை கிடையாது. இங்கிருந்து மாட்டுவண்டியில் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புவரை போய், அதற்கு மேல் நடையும் டோலியும்தான். மேலே வீடு கட்டியவர்களின் சாமான்கள் ஆள் தோளில்தான் ஏறின. மோட்டார் போகும் சாலை வர ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆயிற்று.

மாமன் வீட்டில் ஓடுகள் இறக்கப்பட்டு, கூரை எலும்புக்கூடாக நின்றது. பழைய பனஞ்சட்டங்களில் உளுத்தவற்றை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார் பெரியவர். உளிகளை வாங்கித் தரையில் வரிசையாக வைத்தார். எதையும் கட்டைவிரலில் இழுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, வாயை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினார். கூராக உள்ள வாய் கண்ணுக்குத் தெரியாது; வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கே இடமே இல்லை. மழுங்கிய இடமும் கொட்டிய இடமும் வெள்ளைப் புள்ளியாக மின்னும். அடுத்து, கட்டைவிரல் நகத்தின் மேல் வாயைச் சாய்த்து வைத்தார். கூர் இருந்தால் நகத்தைப் பிடிக்கும், இல்லாவிட்டால் வழுக்கும்.

“தம்பி, நாலுக்கும் நாலு சீக்கு. ஒரே மருந்து குடுத்தா எப்படிக் கேட்கும்?”

“எல்லாத்தையும் ஒரே கல்லுலதாங்க ஐயா தீட்டுனேன்.”

“கல்லு மேல குத்தமில்ல. சரிவைப் பாருங்க.”

உளியின் சரிவை அளக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. ஒரு ஈர்க்குச்சியை உளியின் கனத்துக்கு ஒடித்து, அதைச் சரிவின் மேல் வைத்து எத்தனை முறை போகிறது என்று பார்த்தார். இரண்டரைக்கும் கொஞ்சம் மேலே போயிற்று. சரிவின் நீளம் கனத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை. இரண்டரைக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 25 பாகை. பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்குதான், ஈர்க்குச்சியில் முடிந்துவிடுகிறது. கடையில் வரும் உளிகள் பெரும்பாலும் 25 பாகையில் வருகின்றன. கையால் தள்ளிச் சீவும் வேலைக்கு, தேக்குக்கு, அது சரி. கொட்டாப்புளியால் அடித்து வாகையில் துளை எடுக்க 30 வேண்டும். கருவேலுக்கு 35கூடப் போகலாம். சென்னைக்காரர் கூர் போதவில்லை என்று எண்ணிச் சரிவை இன்னும் மெல்லியதாக்கிக்கொண்டே போயிருக்கிறார். வாய்க்குப் பின்னால் தாங்க இரும்பு இல்லை. அடி விழுந்ததும் கொட்டியது.

நன்றாகத் தீட்டிய உளியின் விளிம்பு ஒரு மைக்ரான் கனமும் இருக்காது. மனிதத் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான். அந்த விளிம்பின் மேல் ஒரு கொட்டாப்புளி அடி விழுகிறது, நாளுக்கு ஆயிரம் தடவை. அது எப்படி நிற்கிறது என்பதுதான் உண்மையில் வியக்க வேண்டிய சங்கதி.

முதல் உளிக்கு வைத்தியம் அங்கேயே நடந்தது. முழுச் சரிவையும் மாற்றவில்லை. நுனியில் மட்டும், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு, கையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து இரண்டாவது சரிவு ஒன்று போட்டார். எண்ணெய்க் கல்லில் பத்து இழுப்பு. பிறகு உளியைத் திருப்பி, முதுகைக் கல்லில் தட்டையாகப் படுக்க வைத்து நான்கு இழுப்பு. முதுகு தட்டையாக இல்லாத உளிக்குக் கூரே கிடையாது என்பது அவர் கட்சி. கடைசியாக, இடுப்பு பெல்ட்டிலிருந்து வெட்டிய பழைய தோல்பட்டையில் பின்னோக்கி இழுத்தார். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தீட்டும்போது விளிம்பில் மயிரிழை போல ஒரு பிசிறு எழும்பும். அதை எடுக்காமல் வேலைக்குப் போனால் முதல் ஐந்து நிமிடம் பிசிறுதான் வெட்டும்; அது ஒடிந்ததும் கூடவே வாயும் போகும். ‘இரும்பு நிற்கவில்லை’ என்று சொல்லப்படும் புகார்களில் பல இந்தப் பிசிறின் வேலை.

கொட்டிய இன்னொரு உளிக்குச் சரிவு ஒழுங்காகவே இருந்தது. அதைப் பற்றி அவர் சொன்னது சென்னைக்காரருக்குப் புதிது. புது உளியில் முதல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நம்பத்தகாதது. தொழிற்சாலைச் சூளையில் மெல்லிய நுனி உடம்பைவிட அதிகச் சூடு ஏறி மொறமொறப்பாகிவிடலாம்; கரிச்சத்தை இழந்து மெதுவாகியும் போகலாம். அந்த நுனியைத் தேய்த்துத் தள்ளினால் உள்ளே நல்ல எஃகு இருக்கும். வாங்கிய முதல் மாதத்தில் ஏமாற்றும் உளி மூன்றாம் மாதத்தில் சோறு போடுவது இதனால்தான். பொறுமை இல்லாதவர்கள் அதற்குள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

மரமும் சும்மா இருப்பதில்லை. வெட்ட எளிதென்று பெயர் வாங்கிய தேக்கு, உடம்பில் மணலின் உறவான சிலிக்காவை வைத்திருக்கிறது. சில மரங்களில் அது 1.4 சதவீதம்வரை போகும். வெண்ணெய் போல வெட்டுப்படும், ஆனால் சாணைக்கல் போல வாயைத் தேய்க்கும். தேக்குத் தச்சர்கள் மணிக்கொரு தடவை தீட்டுவது அதற்காகத்தான். பெரியவர் காலடியில் கிடந்த பனை இன்னொரு ரகம். பனைக்கு மற்ற மரங்களைப் போல நடுவில் வைரம் கிடையாது, வெளிவட்டத்தில்தான் வைரம். வெளிறிய சோற்றுக்குள் கறுப்புக் கம்பிகளாக நார் ஓடும். உளி சோற்றில் இறங்கி, நாரில் முட்டி, மறுபடி சோற்றில் விழும். வாய் ஒரே சீராகத் தேயாமல் பல் பல்லாகத் தேயும். தஞ்சைப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறவர்களின் மரம் ஆச்சா. அதுவும் பழைய வீடுகளின் தூணிலும் உத்தரத்திலுமிருந்து எடுத்த, தலைமுறை கண்ட ஆச்சா. தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம். 2022இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் நாதத்தைப் பாராட்டினார்கள். அந்தக் கட்டையைக் குடையும் இரும்புக்கும் ஒரு பாராட்டு பாக்கி இருக்கிறது.

மிச்சம் இரண்டு உளிகளை நாற்கரச் சாலைப் பக்கம் உள்ள கொல்லரிடம் கொண்டுபோகச் சொன்னார் பெரியவர். “எங்க கை இதுக்கு மேல போகாது தம்பி. அது நெருப்புக்காரன் வேலை.”

ரயில் பாதையை ஒட்டிய மண்பாதையில் ஆவாரம் பூத்துக் கிடந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைக்கவும் தெரிந்த செடி. இரும்பின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக வந்து, 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பக்கத்துக் கொல்லர்கள் உருக்கு செய்ததை எழுதி வைத்திருக்கிறார். உலோகம் உருக்கும் சின்ன மண்குகைக்குள் இரும்புத் துண்டுகள், அவற்றோடு நறுக்கிய காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. குகையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபது இருபத்திரண்டு குகைகளைச் சேர்த்து அடுக்கி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். கட்டையின் கரி இரும்புக்குள் இறங்கும். குகையை உடைத்தால் உள்ளங்கை அளவு உருக்குக் கட்டி. உருக்கிச் செய்ததால் உருக்கு. கன்னடத்தில் உக்கு, அதுவே ஆங்கிலேயர் வாயில் ‘வூட்ஸ்’ ஆனது என்பார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் இந்தத் தொழிலின் பழமையைச் சங்க காலத்துக்கு இட்டுச் செல்கின்றன.

லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவர் அறுவைக் கருவிகளுக்கு ஐரோப்பிய எஃகைவிட இந்த இந்திய எஃகே மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். அவரோடு சேர்ந்து 1819 முதல் இதன் ரகசியத்தைத் தேடியவர் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் மின்சாரத்துக்காக உலகம் அறிந்த அவர், ஒரு கொல்லரின் மகன். ரகசியம் கரியின் அளவில் இருந்தது. ஒன்றரை சதவீதத்தை ஒட்டிய கரி. ஹீத் ஊர் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் நல்ல எஃகின் விலை இறங்கியது. நம் ஊர்த் தச்சர்கள் பெருமையாக வைத்திருந்த ‘சீமை உளி’ அந்த ஊர்ச் சரக்கு. ஹீத்துக்குக் கிடைத்ததோ வழக்குகள்தான். 1851இல் அவர் இறக்கும்வரை தீரவில்லை.

கொல்லர் பட்டறை ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் இருந்தது. துருத்தி இருந்த இடத்தில் மின்சார ஊதி. மூலையில் லாரிகளிலிருந்து கழற்றிப் போட்ட கமான் பட்டைகள் குவிந்திருந்தன. இந்தச் சாலையில் ஓடித் தேய்ந்த லாரிகள்தான் சுற்று வட்டாரத்துக்கு அரிவாளும் மண்வெட்டியும் உளியும் தருகின்றன. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் இன்று கச்சாப்பொருள் இதே பட்டைதான்.

“என்னண்ணே, கிரைண்டர்ல காட்டிட்டீங்களா?” என்று நீலம் பாய்ந்த உளியைப் பார்த்ததுமே சிரித்தார் அவர். நீலம் என்பது அழுக்கு இல்லை. அது ஒரு வெப்பமானி. மெருகேறிய எஃகு 220, 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும். மேலே போகப் போகச் செம்பு, ஊதா. 300ஐ ஒட்டி நீலம். வைக்கோல் நிறத்தோடு நின்றால் வெட்டுவாய்க்கு உகந்த கடினம். நீலம் கண்டுவிட்டால் எஃகு ஸ்பிரிங்குக்குத்தான் லாயக்கு. வளையும், நிமிரும், கூர் தாங்காது. கையால் தொட்டுப் பார்த்தால் உளி சுடவில்லை என்று நினைப்போம். அதற்குள் காகிதம் போன்ற நுனி 300ஐத் தொட்டிருக்கும். அந்த உளியில் நீலம் நான்கு மில்லிமீட்டர்தான் ஏறியிருந்தது. மறுபடி உலையில் வைக்கத் தேவையில்லை, அந்த நான்கு மில்லியைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள், பின்னால் இரும்பு பத்திரமாக இருக்கிறது என்றார்.

வாய் மடங்கிய உளியை அவர் சாணைச் சக்கரத்தில் ஒரு கணம் வைத்தார். பொறி நீளநீளமாக, கோடு கோடாகப் பறந்தது. கமான் பட்டைத் துண்டை வைத்தார்; பொறிகள் நுனியில் கிளைத்துச் சிதறின. தேய்ந்த அரம் ஒன்றை வைத்தார். சக்கரத்தை ஒட்டியே மத்தாப்பூ. கரி கூடக் கூடப் பொறி பூக்கும். கட்டடக் கம்பி ரகத்தில் கால் சதவீதம் கரி இருந்தால் அதிகம். கமான் பட்டையில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். அரத்தில் ஒன்றுக்கு மேல். மலிவு உளியில் கரியே போதவில்லை. அதற்கு எத்தனை தோய்ச்சல் கொடுத்தாலும் கடினம் ஏறாது. நான்கில் ஒன்றுக்கு மருந்து இல்லை.

“விடுங்கண்ணே, பட்டைல ஒண்ணு அடிச்சுத் தரேன்.”

பட்டையை வெட்டி, நீட்டி, உளி உருவத்துக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம். அடித்தது எல்லாம் வெயிலில். தோய்ச்சலுக்கு மட்டும் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டு இருட்டாக்கிக்கொண்டார். வெளிச்சத்தில் நெருப்பின் நிறம் பொய் சொல்லும். செம்பருத்திச் சிவப்பு வந்ததும், பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அருகே கொண்டுபோனார். ஒட்டவில்லை. 770 டிகிரிக்கு மேல் இரும்பைக் காந்தம் இழுக்காது. அதற்குச் சற்று மேலே போனதும் எடுக்கலாம் என்பதற்கு அதுவே மணி. கழிவு எண்ணெய்ச் சட்டியில் உளியைச் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக மட்டும் அசைத்தார். பக்கவாட்டில் அசைத்தால் கோணும்; இந்த எஃகைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும். அரத்தால் வாயை ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணாடியில் போவது போல வழுக்கியது.

இந்த நிலையில் உளி தரையில் விழுந்தால் உடையும். கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கழுத்துப் பக்கத்தை மட்டும் மறுபடி சூடேற்றினார். நிறங்கள் கழுத்திலிருந்து வாயை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. முன்னால் வைக்கோல், அதைத் துரத்திக்கொண்டு செம்பு, பின்னால் மயில்கழுத்து. வைக்கோல் நிறம் வாயைத் தொட்ட நொடியில் எண்ணெய்க்குள் போயிற்று. கழுத்து நீலத்தில் நின்றது. அடி தாங்குவதற்கு அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே இரும்பில் வாய்க்கு ஒரு பதம், கழுத்துக்கு ஒரு பதம். ஜப்பானில் கடின எஃகையும் மெத்தென்ற இரும்பையும் ஒட்டி அடித்து இதையே செய்கிறார்கள். நம் கொல்லர்களும் கொழுவுக்கும் மண்வெட்டிக்கும் உருக்கு வைத்து அடித்தவர்கள்தான்.

கமான் பட்டை உளிக்கு எல்லை உண்டு. அதைக் கொல்லரே சொன்னார். துளை எடுக்க, முரட்டு அடிக்கு இதை மிஞ்சியது இல்லை. மெல்லிய சீவலுக்கு இதன் கூர் சீக்கிரம் இறங்கும். அதற்கு அரத்தில் செய்த உளி வேண்டும். நல்ல அரம் திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் தேய்ந்து கிடக்கும்.

திண்டுக்கல் 25 கிலோமீட்டர் சுமார். வலப்புறம் சிறுமலை கூடவே வந்தது. அடிவாரத்தில் பன்னீர்த் திராட்சைப் பந்தல்களின் கல்தூண்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கையால் ராவப்படுவது. சாவியின் ஒவ்வொரு பல்லும் அரத்தின் பல்லில் தேய்ந்து உருவாகிறது. அலிகார் பூட்டின் மலிவுக்கு முன்னால் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சென்னைக்காரருக்கு இரண்டு தேய்ந்த அரங்கள் கிடைத்தன. தோல் தொழிலுக்குப் பேர்போன ஊரில் தீட்டுத்தோலுக்கு ஒரு முழத் துண்டும்.

மாலையில் மாமன் வீட்டுத் திண்ணையில் சோதனை. பெரியவர் பனஞ்சட்டத்தின் கறுப்பு வைரத்தில் புது உளியை வைத்துக் கொட்டாப்புளியால் இருபது அடி கொடுத்தார். வாயை வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளைப் புள்ளி இல்லை. “கொல்லனுக்குக் கை இன்னும் இருக்கு” என்றார். பாராட்டில் ஒரு கவலையும் இருந்தது. கொல்லரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சம்மட்டி பிடிக்க ஆள் கிடையாது.

செம்பருத்திச் சிவப்பையும் வைக்கோல் நிறத்தையும் கண்ணால் அறிந்தவர்கள் சாலையோரங்களில் இன்னும் இருக்கிறார்கள். உளி வாய் நிற்கவில்லை என்றால் குப்பையில் போடாதீர்கள். முதலில் சரிவை ஒரு ஈர்க்குச்சியால் அளந்து பாருங்கள், நுனியில் இரண்டு மில்லிமீட்டரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள், பிசிறைத் தோலில் இழுத்துத் தள்ளுங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் உங்கள் ஊர்க் கொல்லரிடம் கொண்டுபோங்கள். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் படுதாவுக்குள் நிற்க வையுங்கள்.

இரவு பாண்டியனில் சென்னை திரும்பியபோது வேட்டித் துணிக்குள் நான்கு உளிகள் இருந்தன. மூன்று பழையவை, ஒன்று கொடைரோட்டுச் சரக்கு.